நகராட்சி ஒரு கம்பெனிக்கு வரியைத் திருப்பித் தருகிறதா? எதைக் கேட்பது, எங்கே தேடுவது

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு சிறிய நகரத்தில் குடியிருக்கிறோம். ஆன்லைன் விற்பனை நிறுவனம் ஒன்று இங்கே பெரிய கிடங்கு கட்டப் போகிறது. அதனால் நகரத்துக்கு வரும் விற்பனை வரியில் பாதியை 20 ஆண்டுகளுக்கு அந்த நிறுவனத்துக்கே திருப்பித் தரப் போவதாகப் பேச்சு. எவ்வளவு தொகை, என்ன நிபந்தனை என்று கேட்டால் தெளிவாக ஒருவரும் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்க உரிமை உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உரிமை உண்டு. நீங்கள் கேட்காமலே நகராட்சி சொல்ல வேண்டியவையும் நிறைய உண்டு. ஆனால் ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் தரும் நாளில் வெளியிடும் தாளில் இருப்பவை எல்லாம் மதிப்பீடுகள். அந்த மதிப்பீடு பலித்ததா என்று ஐந்து ஆண்டு கழித்து யாராவது பார்க்க முடியுமா என்பது, ஒப்பந்தத்தில் இன்று என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கையெழுத்தான பிறகு அதை மாற்ற நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு கையெழுத்துக்கு முன்னால் போக வேண்டும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். கலிஃபோர்னியா அரசுச் சட்டத் தொகுப்பின் 53083ஆம் பிரிவு 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருளாதார வளர்ச்சிக்கென்று நகரமோ கவுன்டியோ 100,000 டாலர் அல்லது அதற்கு மேல் சலுகை தருவதானால், ஒப்புதலுக்கு முன்பே சில விவரங்களை எழுத்தில் பொதுமக்களுக்கு வைக்க வேண்டும், தன் இணையதளத்திலும் போட வேண்டும். பயன்பெறும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், சலுகை தொடங்கும் நாளும் முடியும் நாளும், மொத்தம் எவ்வளவு பணம் செலவாகும் அல்லது எவ்வளவு வருவாய் இழப்பாகும் என்ற மதிப்பீடு, எந்தப் பொது நோக்கத்துக்காகத் தருகிறார்கள் என்பது, நகரத்துக்கு வரக்கூடிய வரி வருவாய், முழுநேரம், பகுதிநேரம், தற்காலிகம் என்று பிரித்த வேலைகளின் எண்ணிக்கை. இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பிறகு முறையான அறிவிப்பு கொடுத்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்திய பிறகே சலுகை தரலாம். சலுகை நடக்கும் காலம் முழுவதும் அந்த விவரத்தாள் இணையதளத்தில் இருந்தாக வேண்டும்.

சலுகை என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் விரிந்தது. ரொக்க மானியம், கடன், கடனுக்கு உத்தரவாதம், கட்டணத் தள்ளுபடி, நிலத்தை விலை குறைத்துக் கொடுப்பது, வரி விலக்கு, வரிக் கழிவு எல்லாமே அடங்கும். எளிய வருவாய்க் குடும்பங்களுக்கான வீட்டுத் திட்டங்கள் மட்டும் இதில் சேராது. "இது சலுகையே இல்லை, வரிப் பங்கீடு" என்று உங்களிடம் சொன்னால் அதை ஏற்க வேண்டாம். நகரத்தின் கருவூலத்துக்கு வந்த பணம் வெளியே போகிறது என்றால் அது பொதுப்பணச் செலவுதான்.

உங்கள் விஷயம் கிடங்கு என்பதால் இன்னொரு பிரிவும் உதவும். 53083.1 என்ற பிரிவு 2020 முதல் கிடங்கு மற்றும் விநியோக மையங்களுக்கென்றே இருக்கிறது. வேலையின் தரம், நிறுவனம் சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன என்பது போன்றவற்றில் அது பொதுப் பிரிவைவிட அதிகம் கேட்கிறது. அதைவிட முக்கியமானது, இத்தகைய மையத்துக்குச் சலுகை தரும் பேச்சிலோ ஒப்பந்தத்திலோ நகராட்சி இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையெழுத்திடக் கூடாது என்று அது தடை போடுகிறது. "நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டோம் என்று கையெழுத்திட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால், இந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, அந்தக் கையெழுத்தின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

இப்போது தொகை. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அடிப்படை விற்பனை வரி 7.25 சதவீதம். அதில் 1 சதவீதப் புள்ளிதான் விற்பனை நடந்த இடமாகக் கருதப்படும் நகரத்துக்குப் போகிறது. ஆகவே "விற்பனை வரியில் பாதி" என்றால் பெரும்பாலும் அந்த ஒரு சதவீதத்தில் பாதி. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20 கோடி டாலருக்கு வரிக்குரிய விற்பனை அந்த மையத்தின் கணக்கில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நகரத்துக்கு 20 லட்சம் டாலர் வரும், 10 லட்சம் திரும்பிப் போகும். விற்பனை கூடாமல் அப்படியே இருந்தால் 20 ஆண்டில் 2 கோடி. ஆனால் விற்பனை ஆண்டுக்கு 3 சதவீதம் கூடினால் அதே ஒப்பந்தத்தில் சுமார் 2.69 கோடி போகும். சதவீதத்தில் எழுதிய ஒப்பந்தத்துக்கு உச்சவரம்பு இல்லையென்றால், விவரத்தாளில் போட்ட மொத்தத் தொகை வெறும் ஊகமாகிவிடும். முதல் கேள்வியே இதுதான்: டாலரில் உச்சவரம்பு உண்டா?

அடுத்து வேலைகள். 300 வேலை என்று அறிவிப்பு வருகிறது. 2 கோடியை 300ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 66,700 டாலர். இதில் 120 பேர் ஏஜென்சி மூலம் வரும் தற்காலிக ஆட்கள், 60 பேர் பகுதிநேரம் என்றால் முழுநேர வேலை மீதி 120தான். அப்போது ஒரு முழுநேர வேலைக்கு 166,700 டாலர் வரை ஆகிறது. சட்டம் மூன்று வகையாகப் பிரித்துக் காட்டச் சொல்வது இந்த வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். விவரத்தாளில் "சுமார் 300 வேலைகள்" என்று ஒரே எண் மட்டும் இருந்தால், அது சட்டம் கேட்டதைத் தரவில்லை என்று கூட்டத்திலேயே பதிவு செய்யுங்கள்.

நகராட்சி அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாதம் உண்டு: "நிறுவனம் வராவிட்டால் இந்த வரியே வராது, ஆகவே நமக்கு இழப்பு இல்லை." சலுகை இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது உண்மையானால்தான் இந்த வாதம் நிற்கும். அப்ஜான் ஆய்வு நிறுவனத்தின் பொருளாதார அறிஞர் டிமோதி பார்டிக், கிடைக்கும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2018இல் சொன்னது, சலுகை பெற்ற நிறுவனங்களில் 2 முதல் 25 சதவீதம் வரைதான் சலுகையால் இடத்தை முடிவு செய்திருக்கக்கூடும் என்பது. மற்றவை எப்படியும் வந்திருக்கும். ஆகவே இந்த நிறுவனம் எந்த வகை என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். நிலம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா, கட்டட அனுமதிக்கு விண்ணப்பித்தாகிவிட்டதா என்று பார்த்தாலே பாதி விடை தெரியும்.

விற்பனை வரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாநிலத்துக்குள் இருந்து வரும் ஆன்லைன் ஆர்டர்களில், விற்பனை நடந்த இடமாக எந்த மையம் கணக்கில் வருகிறதோ அந்த ஊருக்கே உள்ளூர்ப் பங்கு போய்விடுகிறது, வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. உங்கள் நகரத்துக்குப் புதிதாக வரும் 20 லட்சத்தில் ஒரு பகுதி வேறு ஊர்களின் நூலகத்துக்கும் தீயணைப்புக்கும் போய்க்கொண்டிருந்த பணமாக இருக்கலாம். ஒரு விற்பனை நிறுவனம் வேறு ஊரில் தன் இடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வரியை மட்டும் இங்கே நகர்த்தி, அதில் பங்கு வாங்கும் ஏற்பாட்டை 53084.5ஆம் பிரிவு தடுக்கிறது. இந்த நிறுவனத்துக்கு மாநிலத்தில் வேறு மையங்கள் உண்டா, அவை என்ன ஆகின்றன என்பது அதனால் சட்டப்படியும் பொருத்தமான கேள்வி.

இவற்றை எல்லாம் எங்கே பார்ப்பது? நகர மன்றத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும் என்பது, உள்ளாட்சிக் கூட்டங்கள் திறந்த முறையில் நடக்க வேண்டும் என்று சொல்லும் பிரவுன் சட்டத்தின் விதி. ஒவ்வோர் அஜெண்டாவிலும் மூன்று இடங்களைப் பாருங்கள். மூடிய அறைக் கூட்டம் என்ற தலைப்பில் "நிலப் பேரம்" என்று இருந்தால், எந்தச் சொத்து, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது அங்கே இருக்க வேண்டும். 54956.8ஆம் பிரிவின்படி அந்த அறைக்குள் விலையும் பணம் செலுத்தும் நிபந்தனைகளும் பற்றித்தான் பேசலாம். வரிப் பங்கீட்டை அந்த மறைவில் பேசி முடிக்க முடியாது. இரண்டாவது, கன்சென்ட் கேலண்டர். விவாதமின்றி மொத்தமாக ஒரே வாக்கில் நிறைவேற்றும் பட்டியல் அது. பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவைப்படும் சலுகை அங்கே வந்தால் ஏதோ தவறு. அதைத் தனியாக எடுத்து விவாதிக்கும்படி ஓர் உறுப்பினரிடம் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள். மூன்றாவது, கருத்துக் கேட்புப் பகுதி. அதோடு இணைக்கும் அலுவலர் அறிக்கையும் ஒப்பந்த வரைவும்தான் நீங்கள் உட்கார்ந்து வாசிக்க வேண்டியவை.

வரைவை வாசிக்கும்போது முதலில் யார் கையெழுத்திடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கிய, யாரும் கேள்விப்படாத பெயருள்ள ஓர் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) இருக்கும். மாநிலச் செயலாளரின் வணிகப் பதிவுத் தேடலில் அந்தப் பெயரைப் போட்டால் அதன் நிர்வாகிகளும் முகவரியும் கிடைக்கும். தாய் நிறுவனம் உத்தரவாதம் தருகிறதா என்பதை அடுத்துப் பாருங்கள். தராவிட்டால், பிற்பாடு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை இருந்தும், கேட்கப் போகும் இடத்தில் சொத்து எதுவும் இருக்காது.

பிறகு வேலை என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் விளக்கம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டில் எத்தனை வாரம், சம்பளப் பட்டியல் யாருடையது, எந்த நாளில் தலை எண்ணப்படும். விழாக்காலத்து உச்ச விற்பனை மாதத்தில் எண்ணினால் ஒரு கணக்கு, ஏப்ரலில் எண்ணினால் வேறு கணக்கு. ஆண்டுச் சராசரி என்று எழுதச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு ஊரில் ஏற்கெனவே ஊழியர்கள் இருந்தால் தொடக்க எண்ணிக்கையும் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் இருந்த வேலையையே புதிய வேலையாகக் காட்ட முடியும். சட்டப்படி ஐந்து ஆண்டுக்குள் நகராட்சி தர வேண்டிய அறிக்கை ஒன்று உண்டு, அது நிகர வேலைகளைச் சொல்ல வேண்டும். தொடக்க எண் இல்லாமல் நிகரம் கணக்கிட வழியே இல்லை. பல அறிக்கைகள் பயனற்றுப் போவது இந்த இடத்தில்தான்.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியில், "நகராட்சி கோரலாம்" என்று இருக்கிறதா, "நிறுவனம் செலுத்த வேண்டும்" என்று இருக்கிறதா பாருங்கள். "கோரலாம்" என்று இருந்தால் பிற்காலத்து மன்றம் ஒன்று விட்டுக்கொடுத்துவிட முடியும். வேலை 10 சதவீதம் குறைந்தால் எவ்வளவு, 50 சதவீதம் குறைந்தால் எவ்வளவு என்று படிநிலை இருப்பது நல்லது. "முழுவதும் அல்லது எதுவுமில்லை" என்ற விதியை நடைமுறையில் யாரும் பயன்படுத்தத் துணிய மாட்டார்கள்.

பணம் முதலில் போகிறதா, பின்னால் போகிறதா என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வேறுபாடு. 2017இல் விஸ்கான்சின் மாநிலம் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் இதற்குத் தெளிவான பாடம். 13,000 வேலை, 1,000 கோடி டாலர் முதலீடு என்ற வாக்குக்குச் சுமார் 300 கோடி டாலர் மாநிலச் சலுகை பேசப்பட்டது. மாநிலத்தின் பணம் வேலையும் முதலீடும் நடந்த பிறகே கொடுபடுவதாக இருந்ததால், வாக்குப் பலிக்காதபோது அதில் பெரும்பகுதி போகவே இல்லை. 2021இல் ஒப்பந்தம் 1,454 வேலை, 8 கோடி டாலர் என்று சுருங்கியது. ஆனால் மவுன்ட் பிளசன்ட் கிராமமும் ரசீன் கவுன்டியும் நிலம், சாலை, குடிநீர், கழிவுநீருக்கென்று பெரும் தொகையை முன்கூட்டியே கடன் வாங்கிச் செலவழித்திருந்தன. அவற்றுக்குப் பிடிமானமாக இருந்தது, சொத்தின் மதிப்பு குறைந்தபட்சம் 140 கோடி டாலர் என்று கருதி வரி கட்டுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட விதி. உங்கள் ஒப்பந்தத்திலும் வரிப் பங்கீட்டுக்கு அப்பால் நகராட்சி சாலை போடுகிறதா, சிக்னல் வைக்கிறதா, கட்டணம் தள்ளுபடி செய்கிறதா என்று தேடுங்கள். அவை தனித் தீர்மானங்களாக வெவ்வேறு கூட்டங்களில் வரும். தனித்தனியே 100,000 டாலருக்குக் கீழே நிற்கும், சேர்த்துப் பார்த்தால் நிற்காது.

கடைசியாக, வரி இரகசியம். ஒரு தனி வணிகர் எவ்வளவு விற்பனை வரி கட்டினார் என்ற தரவை வருவாய் மற்றும் வரிச் சட்டத் தொகுப்பின் 7056ஆம் பிரிவு காக்கிறது. திருப்பிக் கொடுத்த தொகையைச் சொன்னால் விற்பனையைக் கணக்கிட்டுவிடலாம் என்று காரணம் காட்டி, நகராட்சிகள் உண்மையில் கொடுத்த தொகையையே மறைப்பதுண்டு. இதற்கு மருந்து ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது: "இந்தச் சலுகையின் கீழ் ஆண்டுதோறும் பெறும் தொகையையும் அதன் கணக்கீட்டையும் வெளியிட நிறுவனம் சம்மதிக்கிறது" என்று ஒரு வாக்கியம். பொதுப்பணம் வேண்டுமென்றால் இந்தச் சம்மதம் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கருத்துக் கேட்பில் உங்களுக்குப் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான் என்றால், உச்சவரம்பு, வேலையின் விளக்கம், இந்தச் சம்மதம் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். மற்றதை எழுத்தில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், பதிவில் சேரும்.

ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தால் பொது ஆவணச் சட்டத்தின் வழியில் போங்கள். 2023 முதல் அது அரசுச் சட்டத் தொகுப்பில் 7920.000 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது. நகர எழுத்தருக்கு மின்னஞ்சல் போதும். 10 நாளில், தரக்கூடிய ஆவணம் இருக்கிறதா என்று முடிவு சொல்ல வேண்டும். குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால் இன்னும் 14 நாள் வரை நீட்டலாம். இங்கே பலர் செய்யும் பிழை, கேள்வி கேட்பது. "ஏன் இவ்வளவு கொடுத்தீர்கள்?" என்பதற்குப் பதில் எழுத அவர்களுக்குக் கடமை இல்லை. இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் கடமை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: கையெழுத்தான ஒப்பந்தமும் அதன் எல்லா இணைப்புகளும் திருத்தங்களும், 53083இன் கீழ் வெளியிட்ட விவரத்தாள், கருத்துக் கேட்பு அறிவிப்பு, ஆலோசகர் தயாரித்த வருவாய் மதிப்பீடு, நிறுவனம் ஆண்டுதோறும் தந்த வேலைச் சான்று, அந்த நிறுவனத்தின் பெயரில் நகராட்சி செய்த எல்லாச் செலுத்தல்களின் பேரேட்டுப் பிரதி. காலவரையறையும் போடுங்கள். "இந்தத் திட்டம் பற்றிய எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அதைப் பிறகு தனியாகக் கேட்கலாம்.

பேரேட்டைத் தர மறுத்தாலும் ஒரு பக்கவழி இருக்கிறது. பல நகர மன்றங்கள் கொடுத்த காசோலைகளின் பட்டியலை அஜெண்டாவோடு இணைத்து ஒப்புதல் வாங்குகின்றன. விற்பனை வரிப் பங்கீடு காலாண்டுக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ கொடுபடும். அந்த எல்எல்சியின் பெயரையும், வரி ஆலோசனை நிறுவனம் நடுவில் இருந்தால் அதன் பெயரையும் பழைய பட்டியல்களில் தேடுங்கள்.

நகரத்தின் ஆண்டு நிதி அறிக்கையும் உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான். அரசுக் கணக்கியல் தர வாரியம் 2015 ஆகஸ்ட்டில் வெளியிட்ட 77ஆம் தரநிலைப்படி, ஒப்பந்தத்தின் பேரில் விட்டுக்கொடுத்த வரியை அறிக்கையின் குறிப்புகளில் காட்ட வேண்டும். எந்த வரி, எந்த அதிகாரத்தில், திரும்பப் பெறும் விதி உண்டா, அந்த ஆண்டில் மொத்தம் எத்தனை டாலர் என்பது இருக்கும். பெறுபவரின் பெயர், வேலைகளின் எண்ணிக்கை, வரும் ஆண்டுகளில் விட்டுக்கொடுக்க வேண்டிய தொகை ஆகியவற்றைத் தரநிலை கேட்கவில்லை. குறிப்புகளில் "டாக்ஸ் அபேட்மென்ட்" (வரி விட்டுக்கொடுப்பு) என்ற தலைப்பைத் தேடுங்கள். ஒப்பந்தம் நடப்பில் இருந்தும் அந்தத் தலைப்பே காணவில்லை என்றால், ஏன் என்று நிதி இயக்குநரிடமும் தணிக்கையாளரிடமும் எழுதிக் கேட்கலாம். நிதியாண்டு ஜூன் 30இல் முடிந்தாலும் அறிக்கை வர பல மாதம் ஆகும்.

இதே தரநிலை வேறு மாநிலங்களில் இன்னும் பெரிய உதவி. ஒரு நகரமோ கவுன்டியோ சொத்து வரியை விட்டுக்கொடுத்து, அதனால் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பான பள்ளி மாவட்டத்தின் வருவாய் குறைந்தால், பள்ளி மாவட்டம் தன் அறிக்கையில் அதைக் காட்ட வேண்டும். சலுகை கொடுத்தவரின் தாளைவிட இழந்தவரின் தாளில் விவரம் தெளிவாக இருப்பதுண்டு. மாநிலம் தாண்டி ஒப்பிட்டுப் பார்க்க, குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட் அமைப்பு 2010 முதல் நடத்தும் சப்சிடி டிராக்கர் என்ற தரவுத்தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டால், அதே நிறுவனம் வேறு எந்த ஊர்களில் என்ன வாங்கியிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரியும். வேறு ஊரில் வேலைச் சான்று தர அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால், இங்கே முடியாது என்பது எடுபடாது.

53083ஆம் பிரிவின்படி, சலுகை தந்து ஐந்து ஆண்டுக்குள் நகராட்சி ஓர் அறிக்கை தந்து, அதற்கும் பொதுக் கருத்துக் கேட்பு நடத்த வேண்டும். உண்மையில் எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு நிகர வரி வந்தது, எத்தனை நிகர வேலை என்று அதில் இருக்க வேண்டும். தவறினால் அபராதம் என்று அந்தப் பிரிவு எதையும் எழுதவில்லை. ஐந்து ஆண்டில் மேலாளர் மாறியிருப்பார், மன்ற உறுப்பினர்கள் மாறியிருப்பார்கள், இப்படி ஓர் அறிக்கை தர வேண்டும் என்பதே அலுவலகத்தில் யாருக்கும் நினைவில் இருக்காது. அதனால் அறிக்கைக்கான தேதியையும், அதைத் தயாரிக்கும் பதவியையும் ஒப்புதல் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இன்றைய விவரத்தாளை அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நகராட்சிகள் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பக்கங்கள் காணாமல் போகும். நான்கரை ஆண்டு முடிந்ததும், அறிக்கை எந்தக் கூட்டத்துக்கு வருகிறது என்று நகர எழுத்தருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வந்ததும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள்.